கரண்ட் போன நேரம்

சாய்ந்தமருதில் பதினொரு மணிக்குக் கரண்ட் போனது.
மீனவர் சங்கத்துக் கம்ப்யூட்டரின் தகரப் பக்கத்தில்
புது ஃபேனுக்கு ஓட்டை பாதி.
ட்ரில் என் கையிலேயே செத்தது.

மதர்போர்டைக் கழற்றி அப்பால் வைத்திருந்தேன்,
தகரத்தூள் ஒன்று போதும், ஷோர்ட்.
ஸ்காஃப் நுனியைச் சட்டைக்குள் செருகியிருந்தேன்.
கண்ணாடியும் போட்டிருந்தேன்.
எல்லாம் சரி என்று
ட்ரில்லை மேசையில் சாய்த்துவிட்டு
ருஸைக்காவோடு பிளேன்டீ குடிக்கப் போனேன்.

சுவிட்சின் பூட்டு அழுந்தியே இருந்தது.
பிளக் சுவரில்.

சீனி போதுமா என்று அவள் கேட்டு முடிக்கவில்லை,
கரண்ட் வந்தது.
ஆளில்லாத ட்ரில்
தன்னைத்தானே சுற்றி எழுந்து
திருகாணிக் கிண்ணத்தை எற்றிவிட்டு
மதர்போர்டைப் பார்த்து நடந்தது.
இன்னும் ஒரு சாண்.
வயர் இழுபட்டு
பிளக் கழன்று விழுந்தது.

ஒரு மாதமாய்
இன்று மாற்றுவேன் நாளை மாற்றுவேன் என்றிருந்த
ஆட்டம் கண்ட பிளக்பேஸ்.

தரையெல்லாம் திருகாணி.
பொறுக்கும்போது எண்ணினேன், இரண்டு தரம்,
இரண்டு தரமும் வேறு வேறு கணக்கு.

மீதி ஓட்டையை
அரத்தால் அராவியே முடித்தேன்.

அஸருக்குப் பிறகு வந்த மஹ்ரூப் காக்கா கேட்டார்,
"என்ன புள்ள, இவ்வளவு நேரம்?"
கரண்ட் இல்லை என்றேன்.
தலைக்கு மேலே
ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.