நெருப்புக் காணாதது

நாவாந்துறையில் ஆறு பேருக்கு
நெருப்புக்காய்ச்சல்.
வார்ட்டிலிருந்து பட்டியல் வந்ததும்
நான் கிணற்றைத்தான் சந்தேகப்பட்டேன்.
காலுக்குக் கீழே சுண்ணாம்புக் கல்,
கல்லுக்குள் விரல் நுழையும் பொந்துகள்,
மலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் நடுவே
பதினெட்டு அடி, அதற்குள் ஒரு வேலி.
வேலிக்கு மேலே கதைக்காமல் விட்ட வீடுகளும்
கீழே தண்ணீரால் கதைத்துக்கொண்டுதான் இருக்கும்.

நாடா பிடித்து அளந்தேன்.
போத்தல்களில் தண்ணீர் எடுத்தனுப்பிவிட்டு
பதினொரு கிணற்றுக்குக் குளோரின் போட்டேன்.
தேத்தண்ணி மருந்து மணக்குதென்று
ஒழுங்கை முழுக்க என்னைத் திட்டியது.
போத்தல்களில் வேறு பல இருந்தன.
இது இருக்கவில்லை.

பிறகு கட்டில் கட்டிலாகப் போனேன்.
என்ன சாப்பிட்டீர்கள், எங்கே, யார் தந்தது.
வலை பொத்தும் சூசைதாசன்.
ஏ.எல். எழுத இருந்த நிரோமி.
ஓட்டோவுக்குள்ளேயே படுக்கிற றெஜினோல்ட்.
ஒருவரை ஒருவர் தெரியாது.
ஆறு பேருக்கும் தெரிந்தது
எமிலியானாவின் இடியப்பம்.

இடியப்பம் ஆவியில் அவிந்தது.
சொதி கொதித்தது.
சம்பல் மட்டும் அடுப்பைப் பார்த்ததே இல்லை.
தேங்காய்ப்பூ, செத்தல், வெங்காயம்,
கடைசியில் தேசிக்காய் பிழிந்து
கையால் ஒரு பிசையல்.
அந்தக் கைதான் ருசி என்று
வரிசையில் நின்றவர்கள் சொன்னார்கள்.

“எனக்கொரு தலையிடிகூட இல்லையே தம்பி.”
உண்மைதான்.
“ஒருக்கா வந்தது, தொண்ணூற்றைஞ்சில.
கொடிகாமத்துப் பள்ளிக்கூடத்தில கிடக்கேக்க.
இருபத்தொரு நாள். தலைமயிர் முழுக்கக் கொட்டிட்டுது.”

காய்ச்சல் போனது. அது போகவில்லை.
பித்தப்பைக்குள் ஒரு சிறு கல்,
அதன்மேல் வழுவழுப்பாய் ஒரு படலம்,
அதற்குள் குடியிருந்திருக்கிறது இத்தனை வருடம்.
சாவடிக்குச் சாவடி
பையைக் கொட்டிப் பார்த்தவர்கள்
இந்தப் பையைப் பார்க்கவில்லை.
அவளுடைய மனிசன் ஊருக்குத் திரும்பவில்லை.
இது திரும்பியது.
நான் நிலத்துக் கல்லை அளந்துகொண்டு திரிந்தேன்.

ஆய்வுகூடத் தட்டில் சிவப்புக் குமிழ்கள்,
ஒவ்வொன்றின் நடுவிலும் மெல்லிய கறுப்பு.
மூன்று தரம் மலம் சோதித்து
மூன்று தரமும் அதே பொட்டு.

படிவத்தில் ‘நோய்காவி’ என்று எழுதினேன்.
எழுத்துக்கூட்டி வாசித்தாள்.
“பிள்ளையளைக் காவினன். தண்ணி காவினன்.
மனிசன்ர சட்டையை வன்னி மட்டும் காவினன்.
இதையுமே?”
பதில் எழுத அந்தப் படிவத்தில் இடமில்லை.
சமைக்கக்கூடாது, நாலு கிழமை குளிசை,
கல்லை எடுக்க ஒரு திகதி.
உரலை அவளே கவிழ்த்து வைத்தாள்.
நிரோமி சுகமா என்று கேட்டாள்.
சுகம் என்றேன். அது அன்றைக்கு முழு உண்மையில்லை.

இன்னொன்று.
விசாரிக்கப் போன முதல் நாள்,
எதுவும் தெரியாத காலையில்,
நானும் அங்கே ஆறு இடியப்பம் சாப்பிட்டேன்.
சம்பல் இரண்டாம் தரமும் கேட்டு வாங்கினேன்.

இன்று பதினோராவது நாள்.
சவர்க்காரம் இரண்டு தரம்.
மகள் வாயைத் திறந்துகொண்டு நிற்கிறாள்,
குழைத்துத் தா அப்பா என்று.
நான் கரண்டியைத் தேடுகிறேன்.