ஒன்பதாம் கேள்வி

திரை முழுக்கப் பச்சை.
பதினான்கு பேர், பதினான்கும் நூற்றுக்கு நூறு.
தலைமையகம் ஒரு கட்டைவிரலை அனுப்பியிருந்தது.

நாற்பது நிமிடப் பாடம்.
காற்றாலை ஏறுதல், பாதுகாப்பு, பாகம் இரண்டு.
குரல் சென்னையில் பதிவானது.
"கவனமுடன் செயல்படவும்" என்று
இஸ்திரி போட்ட தமிழில் சொல்லும்.
ஆரல்வாய்மொழியில் யாரும் யாரிடமும்
அப்படிச் சொல்லமாட்டார்கள்.
தெரிந்தேதான் ஏற்றினேன்.
பயிற்சி அலுவலர் சுபிலா என்று
கதவில் எழுதியிருக்கிறதே.

பிறகுதான் நேரங்களைப் பார்த்தேன்.
முதல் ஆள் முப்பத்தெட்டு நிமிடம்.
அடுத்தவர் இருபத்தொன்று.
மூன்றாமவர் ஒன்பது.
பதினான்காமவர்
இரண்டு நிமிடம் பத்து நொடி.
எல்லாம் ஒரே ராத்திரி,
எல்லாம் ஒரே கைபேசி.

ஜெர்பினைக் கூப்பிட்டேன்.
செண்பகராமன்புதூரிலிருந்து பைக்கில் வருகிறவன்,
தலையில் ஹெல்மெட்டின் தழும்போடு நின்றான்.
எங்கள் கண்டெய்னர் அலுவலகம்
ஆனி மாசக் காற்றில்
பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது.

"அவனுவளுக்கு வீட்டுல டவர் கிடைக்காது மேடம்."
எண்பது மீட்டர் டவரில் ஏறுகிறவர்களுக்கு.
"டைட்டஸுக்குப் பிள்ளை பொறந்து எட்டு நாளாச்சு.
இசக்கிமுத்து எழுத்துக் கூட்டி வாசிக்கதுக்குள்ள
படம் ஓடிப்போயிரும்.
அதான், நானே."

எச்சரிக்கைக் கடிதம் மேசையில் தயார்,
பெயர் மட்டும் எழுத வேண்டும்.
பேனா மூடியைக் கழற்றினேன்.

"ஒண்ணு சொல்லட்டா?
அந்த ஒம்பதாவது கேள்வி தப்பாக்கும்."

உச்சிக் கூண்டின் மேல்மூடியைத் திறக்க
எவ்வளவு காற்று வரைக்கும் அனுமதி?
"மொதல்ல பன்னெண்டு போட்டேன், செவப்பு.
பதினெட்டு போட்டாத்தான் பச்சை.
அப்புறம் பதினாலு தடவையும்
பொய்யத் தொட்டுத்தான் ஜெயிச்சேன்."

அலமாரியிலிருந்து கையேட்டை எடுத்தேன்.
கிரீஸ் விரல் பதிந்த பக்கம்.
மூடிக்குப் பன்னிரண்டு.
பதினெட்டு, கீழ் வரியில்,
உள்ளே ஏணியில் ஏறுவதற்கு.
யாரோ எங்கேயோ
ஒரு வரி சறுக்கியிருக்கிறார்கள்.
அந்தப் பாடத்தை
முழுசாக இரண்டு முறை பார்த்து
ஒப்புதல் கொடுத்தவள் நான்.
இரண்டு முறையும்
சாப்பிட்டுக்கொண்டே பார்த்தேன்.

கடிதத்தை ஆனாலும் கொடுத்தேன்.
வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்து,
"இதும் பதினாலு பேருக்கா மேடம்?" என்றான்.

அன்று மாலை
பச்சைகளை ஒவ்வொன்றாய் அழித்தேன்.
பதினான்கு சிவப்பு.
ஒன்பதாம் கேள்விக்குப் புதுக் குரல்,
கோபுரத்தின் காலடியில்
ஜெர்பினின் கைபேசியில்:
"பன்னெண்டு தாண்டிட்டா மூடியத் தொடாத மக்கா.
பைய எறங்கி வா.
காத்து நாளைக்கும் இங்கதான் கெடக்கும்."
பின்னால் இறக்கை வெட்டும் சத்தம்.
இரைச்சலை நீக்கி அனுப்பு என்றது தலைமையகம்.
பாடத்தில் அது ஒன்றுதான்
எங்கள் ஊர்ச் சத்தம்.
நீக்கவில்லை.

ஒரு வாரத்தில் ஒன்பது பேர் பச்சை,
அவரவர் கைபேசியில், அவரவர் வேகத்தில்.
டைட்டஸ் விடிகாலை மூன்று மணிக்கு.
பிள்ளை தூங்கவிடவில்லையாம்.
இசக்கிமுத்து மூன்று முறை தோற்றிருந்தார்.
ஏன் இன்னும் சிவப்பு என்று
தினம் ஒரு மின்னஞ்சல்.

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு
இசக்கிமுத்து அழைத்தார்.
"மேடம், காத்து பதினாலு காட்டுது.
அப்பம் தொறக்கப்பிடாது, இல்லியா?"

கேள்வியிலா இருக்கிறீர்கள்,
கோபுரத்திலா?

"மேலதான் நிக்கேன்.
இங்க டவர் முழுசாக் கிடைக்கும்."