இருப்பு ஐயத்திற்குரியது

பிரேமர்ஹாஃபன். கீஸ்டே ஆறு வேசரில் கலக்கும் முனை.
வரைபட அலுவலகத்தின் இரண்டாம் மாடிக்கு
ஒவ்வொரு ஜனவரியும் வருவார் த்யார்க் ஓல்ட்மன்ஸ்.
தொப்பியைக் கழற்ற மாட்டார். காபி வேண்டாம் என்பார்,
பிறகு என் கோப்பையிலிருந்தே குடிப்பார்.

"அந்தத் திட்டை எடுத்துவிடுங்கள்."

அவரே வைத்த திட்டு.
அறுபத்து மூன்று, ஆகஸ்ட். கரடித்தீவுக்குத் தெற்கே
மூடுபனி. எதிரொலிமானியின் ஈரக் காகிதத்தில்
நானூறு மீட்டர் ஆழம் சட்டென எழும்பி
இருபது மீட்டரில் நின்றது
(வல்வெட்டித்துறைக்காரரான என் அப்பாவின் கணக்கில்
பதினொரு பாகம்),
மறுபடி விழுந்தது.
கப்பலை நிறுத்தி ஈயக்குண்டை இறக்கினார்கள்.
அடியில் பூசிய கொழுப்பில்
மணலும் இல்லை, சிப்பியும் இல்லை.
மீகாமனுக்கு வயது இருபத்தாறு.
பென்சிலால் புள்ளிவட்டம் போட்டார்,
பக்கத்தில் சாய்ந்த எழுத்தில்:
இருப்பு ஐயத்திற்குரியது.

பத்தொன்பதில் இழுவைப் படகில்
மீன் குடலெடுக்கப் போனவர்.
திட்டுக்குப் பின் முப்பத்தொரு கோடைகள்,
ஸ்வால்பார்டின் குடாக்கள், கிரீன்லாந்தின் கிழக்கு விளிம்பு.
அளந்தது அத்தனையும் சரி.
எதற்கும் அவர் பெயர் இல்லை.
விஞ்சுக் கம்பி இரண்டு விரல் நுனிகளை எடுத்துக்கொண்டது.
இரண்டு திருமணங்கள், இரண்டும் ஆகஸ்டில் முறிந்தன,
இரண்டு முறையும் அவர் ஊரில் இல்லை.

வாடை என்றால் எங்கள் மொழியில்
பிரிந்தவர்களை வாட்டும் காற்று என்று ஒருநாள் சொன்னேன்.
"கிறுக்குத்தனம்," என்றார்.
"வடக்குக் காற்று வந்தால் மூடுபனி விலகும்."

மீன் கூட்டமாக இருக்கலாம் என்பார். திமிங்கிலமாக இருக்கலாம்.
தூக்கமாகவும் இருக்கலாம்,
இருபது மணி நேரம் கண் மூடவில்லை.
எடுத்துவிடுங்கள்.

நான் விதியைக் காட்டுவேன்.
ஒரு பாறையை வைக்க ஒரு சோடிக் கண் போதும்,
எடுக்க ஒரு கப்பல் போக வேண்டும்.
இல்லாத பாறைக்கு எவன் கப்பல் தருவான்?
விதி அவருக்குத் தெரியும். பாதியை எழுதியவரே அவர்தான்.
கைப்பிடியைத் தொடாமல் படியிறங்குவார்.

போன மார்ச்சில் இறந்தார்.
ஜூலையில் வேறு வேலையாகப் போன ஆய்வுக்கப்பல் ஒன்று
போகிறபோக்கில் அந்த இடத்தைத் துழாவியது.
நானூற்றுப் பன்னிரண்டு மீட்டர். சேறு. சமதளம்.

நான்தான் அழித்தேன். ஒரே அழுத்து.
மாலுமிகளுக்கான அறிவிப்பில் ஒன்றரை வரி.
பிறகு, ஏனென்று தெரியவில்லை,
கப்பல் தடங்களின் பதிவைத் திறந்து பார்த்தேன்.
நூல் நூலாகத் தெற்கிலிருந்து ஏறும் தடங்கள்
அங்கே வந்ததும் விலகி,
ஒரு கண்ணின் இரண்டு இமைகளாகப் பிரிந்து,
அப்பால் போய்ச் சேர்கின்றன.

அறிவிப்பு போய் மூன்று வாரம்.
இன்று காலையும் ஒரு மீன்பிடிக் கப்பல்,
அதைப் படித்திருக்க வேண்டிய கப்பல்,
இரண்டு பாகை இடப்பக்கம் திரும்பியது.