பாதை வரும்

ஊர்காவற்துறை.
பஸ்ஸிலிருந்து தூக்கி இறக்கிய இரண்டு பேர்
சக்கரக்கதிரையை விரித்துத் தந்துவிட்டு
பெயர்கூடச் சொல்லாமல் மீன் வாங்கப் போனார்கள்.

சுற்றுலாத் தகவல் நிலையச் சாய்தளத்தில்
ஓர் ஆடு படுத்திருந்தது.
"கொஞ்சம் பொறுங்கோ, அதுவா எழும்பும்"
என்றாள் எமில்டா, உள்ளிருந்தபடி.
பொறுத்தோம், நானும் வெயிலும்.

படிவத்தில் 'வந்த நோக்கம்' என்றொரு கட்டம்.
வெறுமனே விட்டேன்.
"எல்லாரும் அப்பிடித்தான்" என்று முத்திரை குத்தினாள்.

காரைநகருக்கு எப்படிப் போவது?
"பாதை வரும்."
பாதை வருமா?
"ஓம். இப்ப அக்கரையில நிக்குது.
டீசல் அடிச்சுப்போட்டு வரும்."

இருபத்தாறு வருஷம்
படிக்கட்டுகளின் கீழே காத்துப் பழகியவன்.
சிரிப்பு வந்தது.

பிறகு அதுவும் வந்தது,
கறள்பிடித்த இரும்புப் பலகையை
நாக்குப்போல் நீட்டி
என் சக்கரங்களுக்கு நேரே.

ஆடு முதலில் ஏறியது.