எடுத்த நடவடிக்கை

பேருந்துகள் நின்றுபோன மறுவாரம்
காய்கறிக் கடைகள் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தன.
ஆரணி வண்டி நிற்கும் இடத்தில் வெண்டைக்காய்.
திருப்பத்தூர் பலகைக்குக் கீழே
இலவம்பாடி முள்ளுக்கத்திரி, குவியலாக.
சுண்ணாம்பு வட்டங்களில் நின்றவர்கள்
வராத பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் மாதிரியே
கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தார்கள்.

கல்யாண மண்டபத்தில் வரிசையாகக் கட்டில் போட்டார்கள்.
கொசுமருந்துக்காரர் கிருமிநாசினி அடித்தார்.
நாய்வண்டி டிரைவர் அரிசி மூட்டை ஏற்றினார்.
பில் கலெக்டர் நான்.
என்னை என்ன செய்வதென்று
இரண்டு நாள் யாருக்கும் தெரியவில்லை.

மூன்றாம் நாள் மண்டல அலுவலகத்தில்
ஓர் ஆக்சிமீட்டரும் கபசுரக் குடிநீர்ப் பொட்டலங்களும்
கைகழுவும் முறை அச்சிட்ட தாள்களும் தந்தார்கள்.
"உனக்குத்தான்யா எல்லா வாசலும் தெரியும்."
தெரியும்.
எந்த வீட்டில் நாய்,
எந்த வீட்டில் நாய் இல்லாமலே பலகை,
யார் "அவர் ஊரில் இல்லை" என்பார்,
அந்த அவர் எந்தக் கதவுக்குப் பின்னால் இருமுவார்,
பதினெட்டு வருஷமாகத் தெரியும்.
அந்த இருமலைத்தான் இப்போது
கணக்கெடுக்கச் சொல்கிறார்கள்.

சைதாப்பேட்டை கிடங்குத் தெருவின் வாயைத்
தகரம் வைத்து அடைத்திருந்தார்கள்.
இடுக்கில் நுழைந்தேன்.
முகக்கவசம் போட்டும்
நடையை வைத்துக் கண்டுபிடித்துவிட்டார்கள்.
"இன்னா சார், நோவு காலத்துலயும் வரியா?"
"வரி இல்லம்மா. விரலை நீட்டுங்க."
தொண்ணூற்றெட்டு. தொண்ணூற்றேழு. தொண்ணூற்று மூன்று.
நிலுவை குறைந்தால் நிம்மதி என்று பழகியவன்
எண் குறைந்ததும் வயிறு கலங்கினேன்.

கதவு எண் நாற்பத்தொன்று, ஷாகிரா பீ.
தாளைக் கொடுத்துப் பாடம் ஒப்பிப்பதுபோல்
"இருபது வினாடி, சோப்பு, ஓடும் தண்ணீர்" என்றேன்.
அவர் ஒன்றும் சொல்லவில்லை.
வாசலோரக் குழாயைப் பார்த்தார்.
நானும் பார்த்தேன்.
முனையில் திருகிய இரும்பு மூடி.
மூன்று வருஷ பாக்கி. போன ஜனவரி.
உத்தரவு மேலிடத்தினுடையது.
"இந்த வீடுதான்" என்று காட்டியது என் விரல்.

பக்கத்து வீட்டில் குடம் வைத்துப் பிடிப்பாராம்.
அந்த வீடும் இப்போது பயந்து சாத்திக்கொண்டது.
இதை அவர் சொல்லவில்லை,
எதிர்வீட்டுப் பையன் மாடியிலிருந்து கத்தினான்.

அலுவலகத்துக்கு போன் போட்டேன்.
வட்டியைத் தள்ளிவைக்கச் சுற்றறிக்கை வந்திருக்கிறதாம்.
துண்டித்த இணைப்பைப் பற்றி
அதில் ஒரு வரிகூட இல்லையாம்.

மறுநாள் ஃபிட்டர் குப்புராஜைக் கூட்டிப் போனேன்.
"எழுத்துல இருக்கா சார்?"
கைகழுவும் தாளைக் காட்டினேன்.
படித்தான். ஓடும் தண்ணீர் என்ற இடத்தில்
விரலை வைத்து இன்னொரு தடவை படித்தான்.
பிறகு ரெஞ்சை எடுத்தான்.

நாலு நாளைக்கு ஒருமுறை வரும் தண்ணீர்,
அன்று அந்தத் தெருவுக்கு முறையில்லை.
மூடி கழன்ற குழாய் காற்றைத்தான் விட்டது,
நீண்ட இருமல் மாதிரி.
மூன்று பேரும் ஆறடி ஆறடி தள்ளி நின்று
அதைக் கேட்டோம்.

படிவத்தில் 'எடுத்த நடவடிக்கை' என்றொரு கட்டம்.
இன்னும் நிரப்பவில்லை.
மூடி என் பையில்தான் இருக்கிறது.
நடக்கும்போது
ஆக்சிமீட்டரோடு மோதிச் சத்தம் போடுகிறது.