பல் செட்டு

வால்பராய்சோ, ஜூலை.
துறைமுகத்து மழை
மாநகர மன்றத்தின் கூரையில் ஓட்டை தேடுகிறது.
செயலியில் ஓடும் வாடகைக் கார்களுக்கு
வாடிக்கையாளர் சேவை விதிகள், மூன்றாம் அமர்வு.
நான் குறிப்பெழுதுகிறவள்.
கருத்துச் சொல்ல எனக்குச் சம்பளம் இல்லை.

முதல் சாட்சி எதுவிகிஸ் ஒயார்சூன்.
செயற்கைப் பல் செய்கிறவர்.
கோர்தியெரா குன்றின் பாதியில் இறங்கியபோது
பின்சீட்டில் ஒரு டப்பாவை மறந்துவிட்டார்.
உள்ளே தோன் எலெயுதேரியோவின்
மேல்வரிசை, கீழ்வரிசை.
ஈறுக்கு நிறம் பார்த்து
ஒரு மாதம் ராவியது.

செயலியில் எழுதினார்.
‘உங்கள் அனுபவம் எங்களுக்கு முக்கியம்’ என்றது.
மறுபடி எழுதினார்.
மறுபடியும் முக்கியம்.
என்ன பொருள் என்று கேட்டது:
குடை, கைப்பேசி, சாவி, பிற.
‘பிற’வைத் தொட்டார்.
எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் என்றது.

அடுத்து ஓட்டுநர் நிவால்தோ.
டப்பாவைத் திறந்ததும் வண்டியை ஓரங்கட்டியிருக்கிறார்.
‘யாரோ என்னைப் பார்த்துச் சிரிச்ச மாதிரி இருந்தது.’
சபையும் சிரித்தது.
அடைப்புக்குறி போட்டு ‘சிரிப்பு’ என்று எழுதினேன்.
அவரும் எழுதியிருக்கிறார், அதே செயலிக்கு.
பயணியின் எண்ணை அவரிடமிருந்து மறைத்திருந்தார்கள்,
பாதுகாப்புக்காக.
அவர் எண்ணைப் பயணியிடமிருந்து,
அதே பாதுகாப்புக்காக.
அவருடைய அனுபவமும் முக்கியம்தான்.

பத்தொன்பது நாள்
ஒரே கதவை
இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர்
தட்டியிருக்கிறார்கள்.
பூட்டியவர் ஊரிலேயே இல்லை.

விதி ஏழு:
புகாருக்கு ஒரு மனிதர் ஒரு நாளுக்குள் பதில் தர வேண்டும்.
நிறுவனத்தின் வழக்கறிஞர் எச்செனிக்கே எழுந்தார்.
நல்ல கோட்டு. மழை அதன் மேல் பட்டதாகவே தெரியவில்லை.
ஒரு நாள் என்பதை ‘நியாயமான காலம்’ என்று மாற்றலாமே?
தவிர, ‘மனிதர்’ என்றால் யார்?
வரையறைப் பக்கத்தைப் புரட்டினோம்.
பயணி இருந்தது. பயணம் இருந்தது.
வாகனம் மட்டும் இரண்டு பத்தி.

அப்போது பின்வரிசையில் நாற்காலி கிரீச்சிட்டது.
கப்பலில் மூட்டை இறக்கிய தோள்களோடு ஒருவர்
நடந்து வந்து நிவால்தோவிடம் கை நீட்டினார்.
டப்பாவை வாங்கினார்.
பெண்கள் இருக்கிற இடம் என்று
சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.
ஒரு ‘டொக்’.
பிறகு எச்செனிக்கேயை நேராகப் பார்த்து:
‘பத்தொன்பது நாள் சூப், ஐயா.
நியாயமான காலம்னா எத்தனை கிண்ணம்?’
பழக்கமில்லாத பல்.
‘சூப்’பில் கொஞ்சம் விசிலடித்தது.
இந்த முறை சிரிப்பு என்று எழுத
யாரும் சிரிக்கவில்லை.

வாக்கெடுப்பு, ஐந்துக்கு நான்கு.
‘நியாயமான காலம்’ வென்றது.
‘மனிதர்’ அடுத்த அமர்வுக்கு ஒத்திவைக்கப்பட்டார்.
இன்றைய கூலிக்கு யாரிடம் கேட்பது என்றார் நிவால்தோ.
செயலியில் எழுதலாம் என்றார்கள்.

கோப்பைக் கட்டிவிட்டு எட்டிப் பார்த்தேன்.
கீழே மழையில் நிவால்தோவின் கார்.
பின்சீட்டில் எதுவிகிஸ், மடியில் காலி டப்பா.
முன்சீட்டில் தோன் எலெயுதேரியோ
ஒரு ஆப்பிளைப் பகைவனைப் போல் பார்த்துக்கொண்டிருந்தார்.
நிவால்தோ கைப்பேசியை அணைத்து
டாஷ்போர்டுக்குள் போட்டு மூடினார்.

செயலியில் பதியாமல் ஆள் ஏற்றுவது
விதி நான்கின்படி குற்றம்.
சாரல் அடித்தது.
நான் ஜன்னலைச் சாத்தினேன்.