உளைவு

முதலில் முழங்கை.
பிறகு காறை எலும்பு, விலாவில் இரண்டு,
விரல் மொளியெல்லாம்.
சங்கக்கடையில் சீனி அள்ளக் கரண்டியைப் பிடித்தால்
கை அதைக் கீழே விட்டுவிடும்.

நோவென்று சொல்ல ஏலாது.
நோ வந்து போகும்.
இது உளைவு. இருந்து தின்னும்.

"என்ர கிட்னிதான் பிழை செய்யுதோ?"
தங்கச்சி போனில் கேட்டாள்.
அவளுக்குப் பின்னால் கோழிகளின் சத்தம்.
தந்து மூன்று வருஷம்.
வாங்கித் தந்த செருப்பு கடிக்குதோ
என்று கேட்பதுபோலக் கேட்டாள்.
இரத்தப் பரிசோதனைத் துண்டை எடுத்து
கிரியேற்றினின் ஒன்று தசம் ஒன்று என்று வாசித்தேன்.
உன்னைவிட ஒழுங்காய் வேலை செய்யுதடி என்றேன்.
பவளராணி சிரிக்கவில்லை.

கிளினிக்கில் புதிதாய் வந்த டொக்டர் பிள்ளை
கையைத் தொட முதல்
குளிசைப் பையைக் கேட்டாள்.
மேசையில் கொட்டினேன்.
ஒன்றை மட்டும் விரலால் ஒதுக்கினாள்:
நெஞ்சில் பூஞ்சணம் பிடித்தபோது தந்தது,
எட்டு மாதம், காலையும் மாலையும்,
என்னைச் சாகாமல் வைத்திருந்தது.

"இதில இருந்து புளோரைட் கழருது, அம்மா.
எலும்புக்கு மேலே எலும்பு வளருது.
சரியான அபூர்வம்."
அபூர்வம் என்றபோது அவள் முகம் மலர்ந்தது.
உடனே வெட்கப்பட்டு
படத்தை வெளிச்சத்தில் பிடித்தாள்.

முன்கை ஓரம் நெடுக வெள்ளைப் பொருக்கு.
எனக்கு அதைத் தெரியும்.
கோண்டாவில் கிணற்றுத் தண்ணீர் கொதித்துக் கொதித்து
என் கேத்திலின் அடியில் படிகிற அதே சுண்ணாம்பு.
பழப்புளி போட்டுக் காய்ச்சினால்
ஓடு ஓடாய்க் கழன்று வரும்.
எனக்கு எந்தப் புளி என்று கேட்க நினைத்து
கேட்கவில்லை.

குளிசையை மாற்றினார்கள்.
பன்னிரண்டாம் நாள்
கரண்டி கையில் நின்றது.
அரை கிலோ சீனி, சிந்தாமல்.
வாங்க வந்தவருக்கு அது ஒன்றும் தெரியாது;
மிச்சக் காசை எண்ணிக்கொண்டு போனார்.

இரவு தங்கச்சிக்கு எடுத்தேன்.
எல்லாம் ஒரு குளிசையின் வேலையாம் என்றேன்.
மறுமுனையில் நெடுநேரம் மூச்சு மட்டும்.
"அப்ப அதுக்குச் சுகமோ?"
வலது அடிவயிற்றில் கையை வைத்துப் பார்த்து
சுகம் என்றேன்.
பிறகுதான் ஞாபகம் வந்து
"உனக்கு?" என்றாள்.

நெஞ்சுப் படம் ஆவணியில் இருக்கிறது.
பூஞ்சணம் என்ன நினைக்கிறதோ.
புதுக் குளிசை கசக்கிறது.
கேத்திலை அடுப்பில் வைத்தேன்.